பொட்டு வைக்காத பெட்டி

போன மாதம் அடையாறில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளை எங்கள் தெருப் பிள்ளை. மேடையில் ஒரு தம்பி கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். நல்ல வாசிப்பு. ஆனால் என் கண் பழக்கதோஷத்தில் அவர் கையை விட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயரைத் தேடியது. காணோம். காலடியில் டிபன் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி, அதில் ஒரு சின்னத் திரை, அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் ஆம்ப் தூக்கி இடுப்பை ஒடித்துக்கொண்டவனுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வருமா, வயிற்றெரிச்சல் வருமா? இரண்டும் வந்தது.

பந்தியில் அந்தத் தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் திரையில் உலகத்துப் பெரிய கிடார்காரர்கள் பெயரெல்லாம் வரிசையாக இருக்கிறதாம். எந்தப் பெயரைத் தொட்டாலும் அவர் பெயர் போட்ட ஆம்பின் சத்தம் வருமாம். "அங்கிள், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இவங்கெல்லாம் நிஜமாவே அவங்க பேர் போட்ட ஆம்ப்லதான் வாசிக்கிறாங்களா? இல்ல, பேரை மட்டும் குடுத்துட்டு வேற எதுலயாவது வாசிக்கிறாங்களா?"

"முதல்ல சாம்பாரை ஊத்திக்க, சொல்றேன்" என்றேன். சொல்ல ஆரம்பித்து, மோர் வந்தும் முடியவில்லை. அவருக்கு மறுபடி மேடையேறும் நேரம் வந்துவிட்டது. பாதியில் நின்றதை எழுதிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சைதாப்பேட்டைக்காரன். பெயர் எத்திராஜ். மார்க்கெட் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் சேர்ந்து, பிரித்துப் பார்த்தே தொழில் கற்றவன். அந்தக் கடைக்காரர், "பிரிக்கறதுக்கு யார் வேணா பிரிப்பான்டா, மூடும்போது ஸ்க்ரூ மிச்சமாவக் கூடாது" என்பார். என் படிப்பு அந்த ஒரு வரிதான். அங்கிருந்து மயிலாப்பூருக்கு வந்து பத்மநாபன் சாரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேயேதான்.

சாருக்கு வாத்தியச் சாமான் வாடகைக்கு விடும் தொழில். மெல்லிசைக் குழுக்களுக்கு ஆம்ப், கீபோர்டு, டிரம்ஸ், மைக், ஒயர் எல்லாம் ஏற்றிக்கொண்டு போய் மேடையில் வைத்து, கச்சேரி முடிந்ததும் திருப்பி எடுத்து வருவோம். கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கீழே கிடங்கு, மாடியில் சார் வீடு.

சார் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கண்ணில் பட்டதை அப்படியே சொல்வார். "எத்திராஜ், அந்த ஒயர் நடக்கற வழியில கிடக்கு." அவ்வளவுதான். குரல் ஏறாது, முகம் மாறாது. ஆனால் அடுத்த நிமிஷம் அந்த ஒயர் அங்கே கிடக்காது. என்னோடு சாமான் ஏற்றி இறக்கும் கன்னியப்பன், கொட்டிவாக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, அவரை மாதிரியே பேசிக் காட்டுவான். "நைனா, சார் 'கிடக்கு'ன்ட்டாரு. இனிமே அது கெடந்தா நம்ம கெடந்துக்கினு இருக்க மாட்டோம்."

மேடையில் சாமான் வைப்பதற்குச் சார் ஒரு முறை வைத்திருந்தார். முதல் வேலை எர்த் பார்ப்பது. எத்தனை பெரிய அரங்கமாக இருந்தாலும், மானேஜர் கோயில் மேல் அடித்துச் சத்தியம் செய்தாலும், சார் தன் சட்டைப் பையிலிருக்கும் டெஸ்டரை எடுத்துக் கிடார் கம்பியில் வைத்துப் பார்க்காமல் யார் கையிலும் கிடாரைக் கொடுக்கக் கூடாது. எர்த் சரியில்லாத மேடையில் பாட்டுக்காரர் உதடு மைக்கில் பட்டுத் தூக்கிப் போட்டதை அவர் ஒரு முறை பார்த்திருக்கிறார். அடுத்தது, ஆம்பைக் கிடார்காரரின் முழங்காலுக்கு நேராக வைக்கக் கூடாது, சாய்த்து வைக்க வேண்டும். "முழங்காலுக்குக் காது கிடையாதுடா" என்பார். எல்லாம் முடிந்ததும் கடைசி வரிசைக்குப் போய், கைப்பிடி உடைந்த நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அந்த நாற்காலிக்கு வருகிறவர் எல்லோரையும்விடக் குறைவாகக் காசு கொடுத்து வந்தவர், அவருக்குக் கேட்டால் எல்லோருக்கும் கேட்கும் என்பது அவர் கணக்கு.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

நந்தனத்தில் ஒரு மைதானத்தில் வடக்கேயிருந்து வந்த ஒரு குழுவின் கச்சேரி. கிடார்காரருக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் பெட்டி மேல் பெட்டியாக அடுக்க வேண்டும். லாரியிலிருந்து முதல் பெட்டியைத் தூக்கக் கன்னியப்பன் தம் கட்டிக் குனிந்தவன், தூக்கின வேகத்தில் பின்னால் சாய்ந்து விழப் பார்த்தான். "இன்னா நைனா இது, பஞ்சு மாதிரி கீது?" பின்பக்கம் போய்ப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. முன்னால் துணி, பெயர்ப் பலகை, பின்னால் காற்று. ஒரே ஒரு பெட்டியில்தான் ஸ்பீக்கர் இருந்தது. அடுக்கி முடித்துப் படிப்படியாக நின்றதைச் சார் கீழேயிருந்து பார்த்தார்.

"கொலு மாதிரி இருக்கு" என்றார்.

"அப்ப சுண்டல் எப்ப சார்?" என்றான் கன்னியப்பன்.

அன்றிலிருந்து எங்கள் கிடங்கில் காட்சிக்கு வைக்கிற ஆம்புக்குக் கொலுப் பெட்டி என்று பெயர் விழுந்துவிட்டது. பிறகு எத்தனையோ பேருக்குக் கொலு வைத்திருக்கிறோம். முன்னால் பெயர் போட்ட பெட்டி விளக்கு எரிய நிற்கும். திரைக்குப் பின்னால் வேறு ஒரு பெட்டி, அதன் முன்னால் ஒரு மைக், சத்தம் அதிலிருந்து போகும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதாக நாங்கள் நினைத்ததில்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளை கோட்டுப் போடுகிற மாதிரி. அடுத்த நாள் ஆபீசுக்கு அதையா போட்டுக்கொண்டு போகிறார்?

ஆனால் ரூபன் சார் விஷயம் அப்படி இல்லை.

ரூபன் சார் சாந்தோம்காரர். ஊரே கேட்ட கிடார் அவருடையது. முகம் மட்டும் ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது, ஸ்டுடியோவுக்குள்ளேயே இருந்துவிட்டார். பிறகுதான் மேடைக்கு வந்தார். அவரிடம் ஒரு பழைய வெளிநாட்டு வால்வு ஆம்ப் இருந்தது. பழைய ரேடியோவுக்குள் கண்ணாடி பல்ப் மாதிரி எரியுமே, அந்த வால்வு. ஊரைவிட்டுப் போன யாரிடமோ வாங்கியது. துணி கிழிந்து, ஓரமெல்லாம் தேய்ந்து, பார்க்கச் சகிக்காது. அதைப் 'பெரிசு' என்றுதான் கூப்பிடுவார். "எத்திராஜ், பெரிசு சாப்ட்டாச்சா?" என்றால் கரண்ட் கொடுத்தாயிற்றா என்று அர்த்தம்.

அவர் பெயரில் ஆம்ப் செய்தவர் தி. நகர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, உஸ்மான் ரோடு பக்கம் ஸ்டெபிலைசர் செய்து விற்றவர். அந்தக் காலத்தில் சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கிவிடும். டியூப் லைட் கண் சிமிட்டும், டி.வி. படம் சுருங்கும், ஃபிரிட்ஜ் உறுமும். அண்ணாச்சியின் ஸ்டெபிலைசர் இருந்தால் கரண்ட் எத்தனை இறங்கினாலும் அது தூக்கி நிறுத்தும். கடைச் சுவரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வோல்ட் மீட்டர் மாட்டியிருப்பார். வருகிறவர்களிடம் முள்ளைக் காட்டி, "பாத்துக்கிடுங்க, இதான் தி. நகரோட நாடி" என்பார்.

அவருக்குக் கிடார் சத்தம் என்றால் உயிர். ரூபன் சாரைக் கடைக்குக் கூப்பிட்டு, அவர் சொன்னபடியெல்லாம் மாற்றி மாற்றி ஒரு வால்வு ஆம்ப் செய்தார். பெயர் 'ரூபன் ஸ்பெஷல்'. முன்பக்கம் ரூபன் சாரின் கையெழுத்தை, வால் நீண்ட அந்த 'ன்' உட்பட, பித்தளைத் தகட்டில் வெட்டிப் பதித்தார். உள்ளே அவருடைய ஸ்டெபிலைசரும் உண்டு. அதுதான் அவருக்குப் பெருமை. "கரண்ட் எப்படி வந்தாலும் நம்ம பெட்டி நிமிந்து நிக்கும்லா!" கடையில் நாலு கல்லூரிப் பிள்ளைகள் வந்து வாங்கினார்கள் என்றால் அந்தக் கையெழுத்துக்காகத்தான்.

அது கைக்கு வந்த பிறகு நடந்த முதல் கச்சேரிக்கு ரூபன் சார் அதைத்தான் கொண்டுவந்தார். சாயங்காலம் ஒத்திகையில் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "எத்திராஜ், தப்பா நெனைக்காத மேன். பெரிசைக் கொண்டா." அதற்கப்புறம் ரூபன் ஸ்பெஷல் கொலுவில் ஏறிவிட்டது. லாரி குலுக்கலில் உடையாமலிருக்க வால்வுகளைக் கழற்றி எடுத்துவிட்டோம். சுவிட்சைப் போட்டால் முன்னால் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். பெரிசு திரைக்குப் பின்னாலிருந்து பாடும்.

அண்ணாச்சி ஒரு கச்சேரி விடமாட்டார். முன்வரிசையில் மகன், மருமகள், சம்பந்தி, ஊரிலிருந்து வந்த மச்சான் என்று ஒரு கூட்டத்தோடு உட்கார்ந்து, பாட்டு நடக்கும்போதே விரல் நீட்டிக் காட்டுவார், அதோ நம்ம பெட்டி என்று. முடிந்ததும் பின்னால் வந்து ரூபன் சாரைக் கட்டிப் பிடித்துக்கொள்வார். கண் கலங்கியிருக்கும். "நம்ம பெட்டி பாடிருச்சுல்லா?" ரூபன் சார் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் ஒயர் சுருட்டப் போய்விடுவேன்.

ஒரு ஆயுத பூஜையன்று எல்லாம் வெளியே வந்தது.

எங்கள் கிடங்கில் ஆயுத பூஜை கன்னியப்பன் பொறுப்பு. காலையிலேயே குளித்து, ஒரு கிண்ணத்தில் சந்தனம், ஒரு கிண்ணத்தில் குங்குமம். வேன், தள்ளுவண்டி, மிக்சர், மைக் ஸ்டாண்டு, நீட்டு ஒயர்ப் பலகை, சால்டரிங் அயர்ன், கிடங்கு கூட்டுகிற துடைப்பம் வரைக்கும் பொட்டு வைப்பான். ரூபன் சாரின் சாமானும் எங்கள் கிடங்கில்தான் இருந்தது, பெரிசுக்கு நெற்றியில் பெரிதாக ஒன்று. அன்றைக்கு அண்ணாச்சி பொரியும் கடலையும் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு சாரைப் பார்க்க வந்தார். வந்தவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய் ரூபன் ஸ்பெஷல் முன்னால் நின்றார்.

"இதுக்கு என்ன, பொட்டக் காணோம்? விட்டுப் போச்சோ? குடுடே, நானே வைக்கேன்" என்று கிண்ணத்துக்குக் கை நீட்டினார்.

கன்னியப்பன் கிண்ணத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவனுக்கு வஞ்சகம் தெரியாது. பூஜை விஷயத்தில் பொய்யும் வராது. "அது வேணாம் அண்ணாச்சி. வேலை செய்ற சாமானுக்குத்தான் வெக்கிறது. அது கொலுப் பெட்டி."

"என்ன பெட்டி?"

நான் கன்னியப்பனைப் பார்த்து முறைத்தேன். அவன், "இன்னா நைனா முறைக்கிற? சும்மா குந்திக்கினு இருக்கறதுக்குப் பொட்டு வெச்சா மத்ததுக்கு இன்னா மருவாதி?" என்றான்.

அண்ணாச்சி பெட்டியைத் தானே திருப்பினார். பின் பலகையில் விரல் வைத்து, "தெறடே" என்றார். திறந்தேன். வால்வு இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் குழி. குழியில் தூசி. அவர் கையால் செய்த பெட்டி. எது எங்கே இருக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்ல வேண்டும்?

குழியிலிருந்த தூசியை விரலால் துடைத்தபடி கேட்டார்: "அப்பம் இத்தன நாளா முன்வரிசையில உக்காந்து நான் கேட்டது எதடே?"

கன்னியப்பனுக்கு அப்போதுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான்.

பத்மநாபன் சார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். வந்தவர் திறந்த பெட்டியையும் அண்ணாச்சியின் முகத்தையும் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார்கள், வால்வு ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றாவது. சார் தன் வழக்கப்படி, "வால்வு இல்லாமத்தான் இருக்கு" என்றார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கோ. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. தெரிஞ்சவன் ரூபன். நாளைக்கு விஜயதசமி, உங்க கடைக்கே அழைச்சுண்டு வரேன். அதுவரைக்கும் எந்த முடிவும் பண்ணாதேள்" என்றார்.

அண்ணாச்சி உட்காரவில்லை. "முடிவு என்ன முடிவு. பேர எடுத்திருதேன். அவிய கையெழுத்தப் பாத்து வாங்கிட்டுப் போன பிள்ளையளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? ரூபன் இதுலதாம்ல வாசிக்காருன்னு என் வாயால சொல்லி வித்திருக்கேன்." பொரிப் பையை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் இரண்டு ஆம்பையும் வேனில் ஏற்றிக்கொண்டு தி. நகர் போனோம். ரூபன் ஸ்பெஷலுக்கு வால்வுகளைத் திரும்பப் போட்டிருந்தேன். கடையில் அண்ணாச்சி கல்லாவில் உட்காராமல், ஒரு ஸ்டூலில், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு இருந்தார். அந்தப் பித்தளைத் தகட்டைக் கழற்றத்தான்.

ரூபன் சார் நேராகப் போய் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அடிக்கணும்னா அடிங்க அண்ணாச்சி."

"அடிக்கதுக்கா கூப்பிட்டேன்? சொல்லும். பெட்டில என்ன கொற?"

"குறையே இல்ல. அது ரொம்ப ஒழுங்கு. நான் ஒரு நோட்டைப் புடிச்சு இழுத்தா, பரேடுல நிக்கிற மாதிரி வெறப்பா நிக்குது. பெரிசு அப்படி இல்ல, நான் இழுக்க இழுக்க லேசா சாஞ்சு குடுக்கும். நானும் சாஞ்சுக்குவேன். உங்க பெட்டில எனக்குச் சாயறதுக்கு இடமில்ல."

"இத அன்னைக்கே சொல்லிருந்தா?"

"எப்படிச் சொல்றது? ஒவ்வொரு தடவையும் வந்து கட்டிப் புடிச்சுக்கினு கண்ணு கலங்குறீங்க. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

அண்ணாச்சி எழுந்து இரண்டு ஆம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். முற்பகல் நேரம். ரூபன் சார் முதலில் பெரிசில் வாசித்தார், பிறகு ரூபன் ஸ்பெஷலில். திரும்பப் பெரிசில். அவர் முகம் குழம்பியது. "என்னா மேன் இது... ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு." எனக்கும் அப்படித்தான் கேட்டது. ஆம்ப் செய்த நாட்களிலும் அவர் இதே முற்பகலில்தான் கடைக்கு வந்து வாசித்துப் பார்த்துச் சரி சொல்லியிருக்கிறார். சாயங்காலம் கடையில் கூட்டம் தாங்காது.

அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. "அப்பம் உமக்கு மனசுதான் கொறையோ?"

இந்த இடத்தில்தான் வழக்கு சிக்கலானது. மனக் குறை என்றால் மருந்து கிடையாது. ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தேன். ஒயரை மாற்றினேன். இதன் வால்வை அதில் போட்டேன், அதன் வால்வை இதில். மத்தியானச் சாப்பாடு கடையிலேயே ஆயிற்று. எதிலும் வித்தியாசம் இல்லை. நாலு மணிக்கு மேல் சார், "போதும், கிளம்பலாம்" என்று சொல்வார் என்று பார்த்தேன். அவர் வாசல் பக்கம் ஒரு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ரூபன் சார் சலிப்போடு பெரிசில் சும்மா எதையோ வாசித்துக்கொண்டிருந்தார்.

தீபாவளிக்கு முந்திய தி. நகர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இருட்ட ஆரம்பித்ததும் தெரு முழுக்கத் துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை என்று சீரியல் விளக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டன. எங்கள் தலைக்கு மேல் டியூப் லைட் ஒரு முறை சிமிட்டியது.

"இப்ப நன்னா இருக்கு" என்றார் சார், கண்ணைத் திறக்காமல்.

ரூபன் சாரைப் பார்த்தேன். சலிப்பெல்லாம் போய்விட்டது. இடது கை விரல் கம்பியில் அழுந்தி நிற்க, அந்த ஒரு நோட்டு கொஞ்சம் பின்வாங்கி, மூச்சை இழுத்துப் பிறகு விரிந்து வந்தது. ஊரே அவருடையது என்று அடையாளம் கண்டுகொள்ளும் அந்தச் சத்தம். உடனே கிடார் ஒயரைப் பிடுங்கி ரூபன் ஸ்பெஷலில் செருகினார். அதே நோட்டு. காலையில் கேட்டதில் ஒரு மயிரிழை மாறவில்லை. விறைப்பாக நின்றது.

நாங்கள் யாரும் ஆம்பைப் பார்க்கவில்லை. எல்லோரும் சுவரில் இருந்த வோல்ட் மீட்டரைத்தான் பார்த்தோம். முள் இறங்கிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சிதான் முதலில் பேசினார். "கரண்ட் இறங்குச்சுன்னா பெரிசும் கூட எறங்குது. உமக்கு ரெக்கார்டிங், கச்சேரி எல்லாம் சாயங்காலந்தான். அப்பம் இத்தன வருசமா நீரு இந்த எறங்குன கரண்டுலயே வாசிச்சு வாசிச்சு..." நிறுத்திவிட்டுச் சிரித்தார். அது சிரிப்பா என்று எனக்குச் சந்தேகம். "அத நிமித்தி நிறுத்துறதுதானடே என் தொழிலே! உம்ம சத்தத்துக்கு எமன் என் ஸ்டெபிலைசரா?"

"அதை மட்டும் எடுத்துடலாமே" என்றேன்.

"எடுத்துட்டா? பாதி ராத்திரி கரண்ட் கூடுனா பொகைஞ்சிரும்லா? வாங்கிட்டுப் போனவன் வீட்டுக்கு நீயா போவ?"

"எனக்கு மட்டும் எடுத்த மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுங்க. கடைல விக்கிறது அப்படியே இருக்கட்டும்" என்றார் ரூபன் சார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இன்றைக்கு எத்தனையோ பெரிய பெயர்கள் அப்படித்தான் ஓடுகின்றன. பெயர் ஒன்று, மேடைக்கு ஒரு சரக்கு, கடைக்கு ஒரு சரக்கு.

அண்ணாச்சி அவரை நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "ஒரு பேருக்கு ரெண்டு சாமான் நான் செய்ய மாட்டேன்" என்றார். "ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. வேணாம், பெரிச எடுத்துட்டுப் போங்க. இது இங்க இருக்கட்டும்." தகடு அதில்தான் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரும் அவர் கையில்தான் இருந்தது.

தீபாவளி போயிற்று. அண்ணாச்சியிடமிருந்து ஒரு பேச்சில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கன்னியப்பன் கடை வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, "கீழ குனிஞ்சு இன்னாவோ நோண்டிக்கினே கீறாரு. தலையத் தூக்க மாட்டேன்றாரு" என்று வந்து சொல்வான். அவனுக்குக் குற்ற உணர்ச்சி. தான் வாயை மூடியிருந்தால் எல்லோரும் சந்தோஷமாக இருந்திருப்பார்களே என்று புலம்புவான். சார் ஒரு நாள் கேட்டுவிட்டு, "பொட்டு வச்சிருந்தியானா இன்னும் மோசமா இருந்திருக்கும்" என்றார்.

மழையெல்லாம் ஓய்ந்த பிறகு மயிலாப்பூரில் ஒரு சபா அரங்கத்தில் ரூபன் சாரின் கச்சேரி. அன்று மத்தியானம் அண்ணாச்சி தானே ஆட்டோவில் பெட்டியோடு வந்து இறங்கினார். தகடு இருந்தது. பின்பக்கம் புதிதாக ஒரு சுவிட்ச். இரண்டு பக்கமும் பெயிண்டில் அவர் கையாலேயே எழுதியிருந்தார்: ஒரு பக்கம் 'நேர்', ஒரு பக்கம் 'சாய்'.

"சாய்ல போட்டா கரண்ட் எறங்க எறங்க விட்டுரும். ஏறுனா மட்டும் பிடிக்கும். கடையில உள்ள எல்லாப் பெட்டிக்கும் இதே மாத்திட்டேன். முன்ன வாங்குன பிள்ளையளையும் கொண்டாரச் சொல்லி மாத்திக் குடுக்கேன்" என்றார். பிறகு ரூபன் சாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பிடிக்கலன்னா பாதியில நிறுத்திச் சொல்லிரட்டும். பேர இங்கயே வச்சுக் கழத்திருதேன். எதுக்கும் வருத்தப்பட மாட்டேன்."

ரூபன் சார் சாய் பக்கம் தட்டிவிட்டார். கன்னியப்பன் வேனிலிருந்து பெரிசை இறக்கப் போனான். "அது வேணாம் மேன். வண்டியிலயே படுத்திருக்கட்டும்" என்றார். ஸ்டுடியோவுக்குக் கடைசிவரை பெரிசைத்தான் கொண்டுபோனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை அவரே அண்ணாச்சியிடம் சொல்லியும்விட்டார். ஆனால் அன்றைக்கு மேடையில் இருந்தது ஒரே ஒரு ஆம்ப். திரைக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

அண்ணாச்சி முன்வரிசைக்குத் தனியாக வந்திருந்தார். மகன், சம்பந்தி, யாரும் இல்லை. ஏ.சி. ஓட ஆரம்பித்ததும் அரங்கத்து விளக்குகள் லேசாக மங்கின. ரூபன் சார் முதல் பாட்டில் ஜாக்கிரதையாக வாசித்தார், புது வீட்டில் இருட்டில் நடப்பவர் மாதிரி. இரண்டாவது பாட்டில் ஒரு நீண்ட நோட்டு. கண்ணை மூடினார். தோள் இறங்கியது. அதற்கப்புறம் இடைவேளை வரை என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

இடைவேளையில் திரை மூடியதும் அண்ணாச்சி பக்கவாட்டுப் படி வழியாக ஏறி வந்தார். யாரையும் கட்டிப் பிடிக்கவில்லை. என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"எத்திராசு, இன்னைக்கி எதுல வாசிச்சாரு?"

"இதுலதான் அண்ணாச்சி. வேற எதுவும் மேடைல இல்ல."

"நீ சொல்லுத."

அதில் கோபம் இல்லை. அவர் கேட்டுக் கேட்டு நம்பிய காலம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். நான் விலகி வழிவிட்டேன். அவர் போய், வேட்டியை இடுக்கிக்கொண்டு, தன் பெட்டி முன்னால் மண்டியிட்டார். வால்வு ஆம்ப் வாசித்தால் சூடாகும். சும்மா நின்ற பெட்டி சில்லென்று மரம் மாதிரி இருக்கும். உள்ளங்கையை விரித்து அதன் தலையில் வைத்தார்.

"சுடுதுடே" என்றார்.

கையை எடுக்கவில்லை. கச்சேரி தொடங்க மணி அடித்தது. ரூபன் சார் கிடாரோடு வந்து பின்னால் நின்றார், ஒயரைச் செருகுவதற்கு. திரையைத் தூக்கும் ஆள் என்னைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் பொறு என்று கை காட்டினேன்.